பொய் விலாசம்

காரைக்குடிப் பக்கத்துக் கல்யாணப் பத்திரிகையை வாங்கிப் பார்க்கும் வெளியூர்க்காரர் முதலில் திகைப்பது, பெயர்களுக்கு முன்னால் வரிசைகட்டி நிற்கும் எழுத்துகளைக் கண்டுதான். மூன்று, நான்கு, சில வீடுகளில் ஐந்தாறு. நகரத்தார் அதை விலாசம் என்பார்கள். ‘ஏஎல்’ என்றால் அழகப்பன், ‘ஆர்எம்’ என்றால் ராமநாதன், ‘சிடி’ என்றால் சிதம்பரம், ‘பிஎல்’ என்றால் பழனியப்பன். கல்லூரிகளைக் கட்டி இந்த ஊரின் முகத்தையே மாற்றிய அழகப்பச் செட்டியாரின் விலாசம் கே.வி.ஏஎல்.ஆர்எம்.; கடைசியில் நிற்கும் ஆர்எம் அவருடைய அப்பா ராமநாதன் செட்டியார். தெரிந்தவர் கண்ணுக்கு அந்த எழுத்துகள் போதும். எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை, தாத்தா எங்கே கொண்டுவிற்றார் என்பதுவரை சொல்லிவிடுவார். ரங்கூனிலும் பினாங்கிலும் முதலாளி பெயரில் கணக்கு எழுதிய மேலாள் அந்த விலாசத்தைப் போட்டுத்தான் உண்டியல் எழுதினார். அதற்கு மதிப்பு எழுத்தால் வந்ததல்ல. விலாசத்தைத் தவறாகப் பயன்படுத்தினால் சாயங்காலத்துக்குள், செட்டியார்கள் சேர்ந்து தொழில் நடத்திய கிட்டங்கி முழுக்கச் செய்தி பரவிவிடும் என்ற பயத்தால் வந்தது.

இதெல்லாம் எனக்கு நினைவுக்கு வந்தது ஒரு பைல் பெயரைப் பார்த்தபோது. அக்கா மகன், பத்தாம் வகுப்பு, செல்போனை நீட்டி, “மாமா, இது நல்ல பைலா, டுபாக்கூரா?” என்று கேட்டான். ஒரு விளையாட்டின் பெயர், அதன் பின்னால் புள்ளி வைத்து ஏழெட்டு எழுத்துத் தொகுதிகள், கடைசியில் ஒரு சிறு கோடு, கோட்டுக்குப் பிறகு யாரோ ஒரு குழுவின் பெயர். விலாசம் வால்பக்கம் போய் ஒட்டிக்கொண்டது போல இருந்தது. அவன் கேட்டதற்கு ஆமாம், இல்லை என்று ஒரே வார்த்தையில் பதில் சொல்ல முடியவில்லை. யோசித்துப் பார்த்ததில், அந்தக் கேள்விக்குள் நாற்பது வருடத்துக் கதை இருக்கிறது.

எங்கள் தலைமுறை டி.வி. கேமில் தொடங்கியது. ஜப்பானிய நிண்டெண்டோவின் பழைய பெட்டியைப் பார்த்து யாரோ செய்த நகல் பெட்டி, அதில் செருகும் மஞ்சள் நிறக் கேசட். கேசட்டின் மேல் ‘9999 இன் 1’ என்று எழுதியிருக்கும். போட்டுப் பார்த்தால் உள்ளே இருப்பது சில பத்து விளையாட்டுகள். அதே மரியோ, அதே டாங்கிச் சண்டை, தொடங்கும் கட்டத்தையும் நிறத்தையும் மாற்றி மாற்றி ஆயிரக்கணக்கான வரிகளில் வரும். திருட்டு விளையாட்டுக்குச் சூட்டிய பெயரை நம்பி ஏமாந்த முதல் அனுபவம் அதுதான். ஆனால் அந்தப் பொய்யால் கெட்டது அரை நாள்தான். கேசட் வீட்டில் யாருடைய பணத்தையும் எடுக்கவில்லை.

1994 டிசம்பரில் ஜப்பானில் வந்த சோனியின் முதல் பிளேஸ்டேஷன், விளையாட்டை சிடியில் கொடுத்தது. சிடி என்றால் நகல் எடுத்துவிடுவார்களே என்று சோனி ஒரு தந்திரம் செய்தது. அசல் தட்டின் உள்விளிம்பில், தரவுக்கான தடத்தை மிக நுண்ணிய அசைவோடு வெட்டி, அந்த அசைவுக்குள் நான்கு எழுத்தை ஒளித்து வைத்தது. ஜப்பான் தட்டில் எஸ்சிஇஐ, அமெரிக்கத் தட்டில் எஸ்சிஇஏ, ஐரோப்பியத் தட்டில் எஸ்சிஇஇ. வீட்டில் சிடி எழுதும் கருவியால் தரவை நகல் எடுக்கலாம், அந்த அசைவை எடுக்க முடியாது. பெட்டி அந்த நாலெழுத்தைத் தேடும். கிடைத்தால் விளையாட்டு ஓடும். இதை உடைக்க வந்ததுதான் மாட்சிப். ‘சிப் போட்ட பிளேஸ்டேஷன்’ என்று சென்னை ரிட்சி தெருவிலிருந்து காரைக்குடிவரை சொன்னார்களே, அந்தச் சிப் செய்த வேலை ஒன்றே ஒன்றுதான்: தட்டு சொல்ல வேண்டிய நாலெழுத்தைத் தட்டுக்குப் பதிலாகத் தானே பெட்டியின் காதில் ஓதுவது. விலாசத்தை நம்பிய இயந்திரத்துக்கு விலாசத்தையே பொய்யாகச் சொன்னார்கள். பிறகு வந்த கதையெல்லாம் இதன் மறுபதிப்புதான் என்பது என் எண்ணம்.

அந்தக் காலத்தில் நகல் தட்டு வந்த வழி சென்னை பர்மா பஜார். பர்மாவிலிருந்து திரும்பியவர்களின் பிழைப்புக்காக 1969-இல் கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே போட்ட கடைவரிசை அது. அங்கிருந்து பஸ் ஏறி வந்த தட்டுக்கு விலாசம் என்று ஒன்றிருந்தால், அது விற்ற ஆளின் முகம்தான். ஓடவில்லை என்றால் திரும்பப் போய்ச் சண்டை போடலாம். இணையம் அந்த முகத்தை அழித்தது. அதன் இடத்தில் பெயர் வந்து உட்கார்ந்தது.

பெயர் என்றால் ஒரே மரபு இல்லை. என் கணக்கில் நான்கு மரபு கலந்து கிடக்கிறது. பிள்ளைகள் ஏமாறுவதும் அவை கலந்து கிடக்கும் இடத்தில்தான்.

முதலில் திருட்டுக் குழுக்களின் மரபு. ‘சீன்’ என்று தங்களையே அழைத்துக்கொண்ட குழுக்கள் எண்பதுகளிலிருந்து யார் முதலில் வெளியிடுவது என்று போட்டியிட்டார்கள். போட்டி என்றால் விதி வேண்டும். விதிப்படி பெயர் வைத்தார்கள். உதாரணத்துக்கு நானே ஒன்று கட்டுகிறேன்: ‘மயில்.ராலி.ப்ராப்பர்.யுஎஸ்ஏ.மல்டி5.பிஎஸ்2டிவிடி-வேலு’. இடைவெளிக்குப் பதில் புள்ளி, ஏனென்றால் பழைய சர்வர்களுக்கு இடைவெளி ஒத்துவராது. ‘ப்ராப்பர்’ என்றால், இதே விளையாட்டை வேறொரு குழு முன்பே பழுதாக வெளியிட்டுவிட்டது, இதுதான் சரியானது என்ற குத்தல். தன் பழுதைத் தானே திருத்தி மறுபடி போட்டால் ‘ரீபேக்’. ‘யுஎஸ்ஏ’ நாடு, ‘மல்டி5’ ஐந்து மொழி. பிறகு பெட்டியின் வகை, கோடு, குழுவின் பெயர். கூடவே ‘என்எஃப்ஓ’ என்ற உரைக்கோப்பு, கோப்பு வழியில் சிதைந்ததா என்று கூட்டிப் பார்க்க ‘எஸ்எஃப்வி’, துண்டு துண்டாக நறுக்கிய ஆர்00, ஆர்01 வரிசை. திருட்டுப் படக் கோப்புகளில் ‘பிரீடிவிடி’, ‘எச்டிரிப்’ என்று படித்துப் பழகிய தமிழ்நாட்டுக்காரருக்கு இது புதிய இலக்கணம் அல்ல; அதே பாட்டியின் பேத்திதான்.

இதைச் சொல்லும்போது ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். தங்களுக்குள் அந்தக் குழுக்கள் கண்டிப்பானவர்கள். பெயரில் பொய் இருந்தால் அந்த வெளியீட்டுக்கு ‘நியூக்’ என்று முத்திரை குத்தி ஒதுக்கிவிடுவார்கள். அதாவது அவர்களுக்கும் ஒரு கிட்டங்கி இருந்தது. ஆனால் அந்தக் கோப்பு கிட்டங்கியைத் தாண்டிப் பொதுத் தளத்துக்கு வந்த நிமிடமே பெயருக்கு இருந்த காவல் போய்விடுகிறது. வேலு குழுவின் பெயரை எந்த வேலனும் போட்டுக்கொள்ளலாம். கேட்க ஆளில்லை.

இரண்டாவது, பாதுகாப்பாளர்களின் மரபு. இவர்கள் விளையாடுவதற்காக மட்டும் எடுப்பவர்கள் அல்லர். பழைய தட்டும் கேசட்டும் அழிவதற்குள் ஒவ்வொன்றையும் பிட் விடாமல் பதிவு செய்யத் துடிப்பவர்கள். ‘நோ-இன்ட்ரோ’ என்ற குழு கேசட்டுகளையும் ‘ரீடம்ப்’ என்ற குழு தட்டுகளையும் பட்டியலிடுகின்றன. இங்கே பெயர் அடைப்புக்குறிக்குள் பேசும்: நாடு, மொழிகள், ‘ரெவ் 1’ என்றால் திருத்திய பதிப்பு. இதற்கு முந்தைய ‘குட்டூல்ஸ்’ பட்டியலில் சதுர அடைப்புக்குள் ஓர் ஆச்சரியக்குறி இருந்தால் சரிபார்க்கப்பட்ட நகல். ‘பி’ என்றால் பழுது, ‘எச்’ என்றால் யாரோ கைவைத்து மாற்றியது. இந்த மரபில் பெயரைவிடப் பெரியது அதன் பக்கத்தில் நிற்கும் நீண்ட எண். ஹாஷ் என்பார்கள். கோப்பில் ஒரே ஒரு பிட் மாறினாலும் எஸ்எச்ஏ-1 எண் அடியோடு வேறாகிவிடும். விண்டோஸிலேயே ‘சர்ட்யூட்டில்’ என்ற கட்டளை இதைக் கணக்கிட்டுத் தரும். தனியாக எதையும் நிறுவ வேண்டாம். ஆனால் கோப்பைத் தந்த அதே பக்கத்திலிருந்து எடுத்த எண்ணோடு ஒப்பிட்டுப் பயனில்லை. திருடனிடமே சாவி சரியா என்று கேட்பது போலத்தான் அது. எண் வேறிடத்திலிருந்து வரவேண்டும்.

மூன்றாவது, தயாரித்த கம்பெனியே இட்ட எண். இதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி, ஏனென்றால் இதில் கற்பனைக்கு இடமில்லை. பழைய பிளேஸ்டேஷன் தட்டுகளில் எஸ்எல்யூஎஸ் என்றால் அமெரிக்கா, எஸ்எல்இஎஸ் என்றால் ஐரோப்பா, எஸ்எல்பிஎஸ் என்றால் ஜப்பான். தொடர்ந்து ஐந்து இலக்கம். பிஎஸ்4-க்கு சியூஎஸ்ஏ, பிஎஸ்5-க்கு பிபிஎஸ்ஏ. நிண்டெண்டோவின் வீ பெட்டியில் ஆறு குறி: மரியோ கார்ட் வீயின் ஐரோப்பியப் பதிப்பு ஆர்எம்சிபி01. இதில் நாலாவது இடத்தில் நிற்கும் ‘பி’ வட்டாரம். அமெரிக்கப் பதிப்பில் அது ‘இ’ ஆகிவிடும். கடைசி 01 வெளியிட்டவர், நிண்டெண்டோ. அதே கம்பெனியின் ஸ்விட்ச்சில் பதினாறு இலக்கம், பெரும்பாலும் 0100 என்று தொடங்கும். மூல விளையாட்டின் எண் 000 என்று முடிந்தால் அதன் புதுப்பிப்பு 800 என்று முடியும். பின்னால் ‘வி65536’, ‘வி131072’ என்று வருவதைப் பார்த்துப் பலர் மிரள்கிறார்கள். 65536-ஆல் வகுத்தால் 1, 2. முதல் புதுப்பிப்பு, இரண்டாவது புதுப்பிப்பு, அவ்வளவுதான்.

கடைசியில் வரும் நீட்சியும் இந்த மரபைச் சேர்ந்ததே. ஸ்விட்ச் அட்டையின் பிம்பம் என்றால் எக்ஸ்சிஐ, கடையில் இறக்கும் பொதி என்றால் என்எஸ்பி, அதைச் சுருக்கினால் என்எஸ்இசட். 3டிஎஸ்-க்கு சிஐஏ. சோனியின் கையடக்கப் பெட்டியான பிஎஸ்பி-க்கு ஐஎஸ்ஓ அல்லது சுருக்கிய சிஎஸ்ஓ. பிஎஸ்4-க்கு பிகேஜி. இவற்றில் எதுவுமே விண்டோஸில் தானாக ஓடும் நிரல் அல்ல. எந்தப் பெட்டியின் விளையாட்டும் ஈஎக்ஸ்ஈ ஆக வராது. இந்த ஒரு வரி தெரிந்திருந்தால் பாதி ஆபத்து வாசலோடு நின்றுவிடும்.

நான்காவது சந்தைப் பெயர். இதற்கு நம் நாட்டில் ஒரு முத்திரைச் சொல் உண்டு: ‘ஹைலி கம்ப்ரஸ்டு’. ‘ஜிடிஏ சான் ஆண்ட்ரியாஸ் பிபிஎஸ்எஸ்பிபி 200 எம்பி ஹைலி கம்ப்ரஸ்டு’ என்ற தலைப்பைப் பார்க்காத பள்ளிப் பையன் சிவகங்கை மாவட்டத்தில் இருப்பானா என்பது சந்தேகமே. பிபிஎஸ்எஸ்பிபி உண்மையானது, 2012 முதல் இலவசமாகக் கிடைக்கும் எமுலேட்டர், அதாவது பிஎஸ்பி விளையாட்டை வேறு கருவியில் ஓட்டும் நிரல், மூலநிரலும் திறந்தே கிடக்கிறது. ஆனால் சான் ஆண்ட்ரியாஸ் பிஎஸ்பி பெட்டிக்கு வெளியாகவே இல்லை. பிஎஸ்பிக்கு வந்தவை 2005-இல் லிபர்ட்டி சிட்டி ஸ்டோரீஸ், 2006-இல் வைஸ் சிட்டி ஸ்டோரீஸ். ஆகவே அந்தப் பெயரில் வரும் கோப்பு ஒன்று வேறு விளையாட்டுக்கு உடைமாற்றிய வேஷம், இல்லையேல் விளையாட்டே அல்ல. ஜிடிஏ 5 பிபிஎஸ்எஸ்பிபி என்பது இன்னும் ஒரு படி மேலே.

அளவைப் பற்றி இங்கே நிறுத்திச் சொல்ல வேண்டும். பெயர் சொல்லாததை அளவு சொல்லும். முதல் பிளேஸ்டேஷனின் சிடி ஏறக்குறைய 700 எம்பி. பிஎஸ்2 தட்டு 4.7 ஜிபி, இரட்டை அடுக்கு என்றால் 8.5. பிஎஸ்பியின் தட்டு 1.8 ஜிபி. கேம்கியூப் ஒன்றரைக்குச் சற்றுக் குறைவு. பிஎஸ்3, பிஎஸ்4 புளூரே 25 அல்லது 50 ஜிபி; பிஎஸ்5 தட்டு 100 ஜிபி வரை. எதிர்ப்பக்கம், பழைய சூப்பர் மரியோ பிரதர்ஸ் முழுவதும் 40 கேபி. ஒரு வாட்ஸாப் புகைப்படத்துக்குக் கூடக் காணாது. தட்டில் வெறும் நிரப்புதலாக இருக்கும் இடத்தைச் சுருக்கலாம், அது நியாயம்தான். ஆனால் படமும் ஒலியும் ஏற்கெனவே பிழிந்து வைத்தவை. பிழிந்த கரும்பை மறுபடி ஆலையில் கொடுத்தால் சாறு வராது. 50 ஜிபி விளையாட்டு 300 எம்பி என்றால் சொல்பவன் பொய் சொல்கிறான்.

இதைக் கேட்டு ‘அப்படியானால் அளவு சரியாக இருந்தால் போதுமே’ என்று அக்கா மகன் பிடித்துக்கொண்டான். போதாது. கடவுச்சொல் திருடும் நிரல் எழுதுவோர் தங்கள் சின்னக் கோப்பின் பின்னால் வெறும் பூஜ்யங்களைக் கொட்டி 700 எம்பி வரை உப்பவைக்கிறார்கள். பெரிய கோப்பைப் பல வைரஸ் எதிர்ப்பு நிரல்கள் முழுதாக அலசுவதில்லை என்பதால் செய்யும் வேலை. பூஜ்யம் நன்றாகச் சுருங்கும். ஜிப் செய்தால் சில எம்பி ஆகிவிடும். உலகத்திலேயே உண்மையான ‘ஹைலி கம்ப்ரஸ்டு’ அதுதான்!

திருட்டு விளையாட்டுக்காரர்கள் வைரஸைப் பற்றிப் பேசும்போது ‘கம்ப்யூட்டர் ஸ்லோ ஆகிவிடும்’ என்ற பழைய நினைப்பிலேயே இருக்கிறார்கள். இன்றைய திருட்டு நிரல் கணினியை மெதுவாக்காது. அது வந்து போனதே தெரியாது. பிரவுசரில் சேமித்த கடவுச்சொல், ஏற்கெனவே உள்நுழைந்திருப்பதைக் காட்டும் குக்கீ, இரண்டையும் அள்ளிக்கொண்டு சில நிமிடத்தில் போய்விடும். குக்கீ போனால் ஓடிபி கேட்காமலே அடுத்தவன் உங்கள் கணக்குக்குள் உட்காரலாம். இந்த வகையில் ‘லும்மா’ என்ற ஒன்றை 2025 மே மாதத்தில் மைக்ரோசாப்ட்டும் அமெரிக்க நீதித்துறையும் சேர்ந்து முடக்கின. அதற்கு முந்தைய இரண்டே மாதத்தில் 3,94,000 விண்டோஸ் கணினிகளில் அது இருந்ததாக மைக்ரோசாப்ட் சொன்னது. நம் வீடுகளில் பையன் விளையாட்டு இறக்குவதும், அப்பா கடைக்கணக்குப் பார்ப்பதும், அம்மா வங்கிப் பக்கத்தைத் திறப்பதும் ஒரே கணினியில்.

கோப்பு எப்படி வேஷம் போடுகிறது என்பதில் மூன்று வித்தைகளை மட்டும் சொல்கிறேன். விண்டோஸ், தனக்குத் தெரிந்த நீட்சிகளை மறைத்தே காட்டும். ‘மயில்ராலி.ஐஎஸ்ஓ.ஈஎக்ஸ்ஈ’ என்ற கோப்பு ‘மயில்ராலி.ஐஎஸ்ஓ’ என்று தெரியும். பார்வை அமைப்பில் நீட்சிகளைக் காட்டச் சொன்னால் வேஷம் கலைந்துவிடும். இருந்தும் எத்தனை பேர் சொல்லியிருக்கிறோம்? அடுத்தது இன்னும் கெட்டிக்காரத்தனம். அரபு, எபிரேய எழுத்துகளுக்காக யூனிகோடில் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறி உண்டு. அதற்குப் பின் வருவதை வலமிருந்து இடமாகத் திருப்பிக் காட்டும். கோப்பின் பெயருக்கு நடுவே அதைச் செருகினால் உண்மையில் ஈஎக்ஸ்ஈ என்று முடியும் பெயர் திரையில் ஐஎஸ்ஓ என்று முடியும். எப்படித் திருப்பினாலும் ஈஎக்ஸ்ஈ மாறாது என்பதுதான் இதில் வேடிக்கை. நம் விகடகவியைப் போல முன்னும் பின்னும் ஒன்றே.

மூன்றாவது வித்தையில் நீட்சி பொய்யே சொல்லாது. ஐஎஸ்ஓ உண்மையிலேயே ஐஎஸ்ஓதான். பிஎஸ்2 விளையாட்டும் அதே நீட்சி. ஆனால் விண்டோஸ் 8 முதல் ஐஎஸ்ஓவை இரட்டைச் சொடுக்கினால் அது ஒரு தட்டைப் போலத் திறந்துகொள்ளும். உள்ளே ஓர் ஈஎக்ஸ்ஈ, விளையாட்டுப் படத்தோடு, தயாராக நிற்கும். இணையத்திலிருந்து வந்த கோப்பு என்ற எச்சரிக்கை அடையாளம் உள்ளே இருப்பவற்றுக்குப் போய்ச் சேராமல் இருந்தது. 2022 நவம்பரில்தான் மைக்ரோசாப்ட் அந்த ஓட்டையை அடைத்தது. பழைய விண்டோஸைப் புதுப்பிக்காமல் ஓட்டும் கணினிக்கு அந்த அடைப்பும் இல்லை. கடவுச்சொல் போட்ட ஆர்ஏஆர், பக்கத்திலேயே கடவுச்சொல் எழுதிய உரைக்கோப்பு என்று வந்தாலும் அப்படியே விட்டுவிடுவது நல்லது. பூட்டு திருடனுக்கு எதிராகப் போட்டதல்ல, வைரஸ் எதிர்ப்பு நிரலுக்கு எதிராகப் போட்டது.

செல்போனில் இதே ஆபத்து, செயலியை நிறுவும் ஏபிகே கோப்பின் வடிவில் வரும். கல்யாணப் பத்திரிகை என்றும் போக்குவரத்து அபராதம் என்றும் வாட்ஸாப்பில் வரும் ஏபிகேயைத் தொட்டுப் பணம் இழந்த செய்திகளை நாம் படித்துக்கொண்டேதான் இருக்கிறோம். ‘பிஎஸ்5 எமுலேட்டர்’ என்ற ஏபிகே அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே. செல்போனில் பிஎஸ்5 விளையாட்டை ஓட்டும் எமுலேட்டர் என்று ஒன்று உலகத்தில் இல்லை. அது எஸ்எம்எஸ் படிக்க அனுமதி கேட்கும்போதாவது சந்தேகம் வர வேண்டும். பணம் போய்விட்டால் 1930 என்ற எண்ணுக்கு உடனே கூப்பிட வேண்டும். மணி கடக்கக் கடக்கப் பணம் கைமாறிக்கொண்டே போகும்.

இனி பெட்டி. 2005 அக்டோபரில் பிஎஸ்பி வைத்திருந்தவர்களுக்கு ஒரு கோப்பு கிடைத்தது. புதிய 2.00 மென்பொருளைப் பழையதற்கு இறக்கித் திருட்டு விளையாட்டை ஓடவிடும் என்பது பெயர். ஓட்டினால் பெட்டியின் உயிர்நாடியான கோப்புகளை அழித்தது. பிறகு பெட்டி எழவே இல்லை. செங்கல் ஆகிவிட்டது என்பார்கள். வைரஸ் நிறுவனங்கள் அதற்கு ‘பிஎஸ்பி பிரிக்’ என்று பெயர் வைத்தன; கையடக்க விளையாட்டுப் பெட்டியைக் குறிவைத்த முதல் டிரோஜன். அதே மாதம் நிண்டெண்டோ டிஎஸ்ஸுக்கும் ஒன்று வந்தது.

இவை யாரோ விஷமி செய்தவை. திருட்டுக் கருவி விற்றவர்களே செய்ததுதான் இன்னும் சுவாரஸ்யம். 3டிஎஸ்ஸில் திருட்டு விளையாட்டு ஓட்ட ‘கேட்வே’ என்ற அட்டை விற்றது. அந்த அட்டையையே வேறு சிலர் நகலெடுத்து மலிவாக விற்றார்கள். 2014-இல் கேட்வேகாரர்கள் நகல் அட்டையைக் கண்டால் பெட்டியையே செங்கல்லாக்கும் நிரலைத் தங்கள் புதுப்பிப்பில் வைத்தார்கள். அசல் அட்டை வாங்கியவர்கள் சிலருக்கும் பெட்டி போனது. 2018-இல் ஸ்விட்ச்சுக்கு வந்த ‘எஸ்எக்ஸ் ஓஎஸ்’ஸிலும், யாராவது நிரலை நோண்டினால் பெட்டியின் சேமிப்பகத்தைப் பூட்டிவிடும் பகுதி இருந்ததை ஆய்வாளர் ஒருவர் கண்டுபிடித்தார். திருட்டுப் பொருளுக்குத் திருட்டுக் காவல்! ‘எஸ்எக்ஸ் ஓஎஸ்’ விற்ற ‘டீம் எக்ஸிக்யூட்டர்’ குழுவின் கேரி பவுசருக்கு 2022 பிப்ரவரியில் அமெரிக்க நீதிமன்றம் 40 மாதச் சிறை விதித்தது.

கம்பெனிகளும் சும்மா இருப்பதில்லை. 2009 நவம்பரில் மைக்ரோசாப்ட் கைவைத்த எக்ஸ்பாக்ஸ் 360 பெட்டிகளைக் கூட்டம் கூட்டமாக இணையச் சேவையிலிருந்து வெளியேற்றியது. பத்து லட்சம் வரை என்று அப்போது செய்தி. ஸ்விட்ச் அட்டை ஒவ்வொன்றுக்கும் தனிச் சான்று உண்டு, கல்யாணப் பத்திரிகை விலாசத்தைவிடக் கறாரானது. ஒரே சான்று இரண்டு ஊரில் தலைகாட்டினால் நிண்டெண்டோ பெட்டியைத் தடை செய்துவிடும். 2025 ஜூனில் ஸ்விட்ச் 2 வந்தபோது, நகல் அட்டை போட்ட பெட்டிகள் சில நாளிலேயே தடையாயின. தடையான பெட்டியைப் பழைய சாமான் சந்தையில் தெரியாமல் வாங்கியவர்களும் மாட்டினார்கள். இது நம் பக்கம் கூடுதலாக உறைக்க வேண்டிய செய்தி. நிண்டெண்டோ ஸ்விட்ச்சை இந்தியாவில் முறையாக விற்கவே இல்லை. இங்கே இருப்பவை சிங்கப்பூரிலிருந்தும் துபாயிலிருந்தும் பெட்டிப் படுக்கையோடு வந்தவை, பிறகு கைமாறியவை. கோனாப்பட்டிலோ பள்ளத்தூரிலோ ஒரு வீட்டு அலமாரியில் இருக்கும் ஸ்விட்ச் யார் யார் கையில் இருந்தது என்று எந்த விலாசத்தில் பார்ப்பது?

சட்டத்தைப் பற்றி நம்மிடையே இரண்டு நம்பிக்கை. ‘விற்றால்தான் குற்றம், விளையாடினால் இல்லை’ என்பது ஒன்று. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவு, திருட்டு நிரலை அறிந்தே கணினியில் பயன்படுத்துவதையே குற்றம் என்கிறது: ஏழு நாள் முதல் மூன்று வருடம்வரை சிறை, ஐம்பதாயிரம் முதல் இரண்டு லட்சம்வரை அபராதம். லாபத்துக்கோ தொழிலுக்கோ இல்லையென்றால் சிறையை விட்டுவிட்டு ஐம்பதாயிரம்வரை அபராதத்தோடு நிறுத்த நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. தகவலைக் கையாளும் மின்னணுக் கருவி எதுவும் அந்தச் சட்டத்துக்குக் கணினிதான். ஸ்விட்ச்சும் அதில் அடங்கும். பூட்டை உடைப்பதைத் தனிக் குற்றமாக்கிய 65ஏ பிரிவு 2012-இல் சேர்ந்தது. பதிப்புரிமை மீறல் பிடியாணை இல்லாமல் கைது செய்யக்கூடிய, ஜாமீனில் விடமுடியாத வகைக் குற்றம் என்று உச்ச நீதிமன்றம் 2022 மே மாதத்தில் ‘நிட் ப்ரோ’ வழக்கில் சொன்னது.

இரண்டாவது நம்பிக்கை நேர் எதிர்: ‘எந்த நகலும் குற்றம்’. அதுவும் சரியல்ல. முறையாக வாங்கிய நிரலுக்கு, தொலைந்தாலோ கெட்டாலோ ஈடாக ஒரு பாதுகாப்பு நகல் எடுத்துக்கொள்ள 52-ஆம் பிரிவு இடம் தருகிறது. எமுலேட்டர் எழுதுவதும் தனியே குற்றமல்ல. ஆனால் ஸ்விட்ச் விளையாட்டை ஓட்டும் ‘யூசு’ எமுலேட்டர்காரர்கள் 2024 மார்ச்சில் நிண்டெண்டோவுக்கு 24 லட்சம் டாலர் கொடுத்துச் சமாதானமாகக் கடையை மூடினார்கள். 2023 மே 12 அன்று வெளியாக வேண்டிய ‘டியர்ஸ் ஆஃப் தி கிங்டம்’ என்ற ஸ்விட்ச் விளையாட்டு அதற்கு முன்பே கசிந்து பத்து லட்சத்துக்கு மேல் இறங்கியது என்பது வழக்கில் நிண்டெண்டோ வைத்த குற்றச்சாட்டு.

உரிமை பற்றிய பேச்சு காரைக்குடிக்குப் புதிதும் அல்ல. ரிக்கார்டு வியாபாரத்தில் தொடங்கி இதே ஊரில் ஸ்டூடியோ போட்ட ஏவி. மெய்யப்பன், பாரதியார் பாடல்களின் இசைத்தட்டு உரிமையை விலைகொடுத்து வைத்திருந்தார். 1947-இல் ‘நாம் இருவர்’ படத்தில் அவை ஒலித்தன. மற்றவர்கள் பாடக்கூடாதா என்ற சண்டை நீதிமன்றம்வரை போனது. 1949-இல் அரசு பாரதியின் உரிமைகளைப் பெற்றபோது மெய்யப்பன் தன் பங்கைப் பணம் வாங்காமல் விட்டுக்கொடுத்தார். ஓர் ஆக்கத்துக்குச் சொந்தக்காரனும் உண்டு, அதை இழக்க விரும்பாத ஊரும் உண்டு என்ற இரண்டையும் இந்த ஊர் ஒரே சமயத்தில் பார்த்திருக்கிறது.

அதனால்தான் திருட்டுக் கோப்பு முழுவதையும் ஒரே கூடையில் போட எனக்கு மனம் வருவதில்லை. அமெரிக்காவில் 2010-க்கு முன் வெளியான விளையாட்டுகளில் 87 சதவீதம் இன்று கடையில் கிடைக்காது என்று வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023-இல் கணக்கெடுத்துச் சொன்னது. 3டிஎஸ், வீ யூ பெட்டிகளின் இணையக் கடையை நிண்டெண்டோ 2023 மார்ச் 27 அன்று மூடிவிட்டது. பணம் கொடுக்கத் தயாராக இருப்பவனுக்கும் விற்க ஆளில்லை. காரைக்குடியை ஒட்டிய கோட்டையூரில், விளம்பரப் பலகை எழுதும் தொழிலில் இருந்த ரோஜா முத்தையா, யாரும் சீந்தாத நாடக நோட்டீசையும் குஜிலிப் பாட்டுப் புத்தகத்தையும் வீடு நிறையச் சேர்த்தார். 1992-இல் அவர் இறந்தபோது ஏறக்குறைய ஒரு லட்சம் உருப்படி இருந்தது. 1994-இல் சென்னையில் அவர் பெயரில் நூலகம் தொடங்கியிராவிட்டால் தமிழ் அச்சு வரலாற்றில் பாதி இருட்டு. ‘நோ-இன்ட்ரோ’, ‘ரீடம்ப்’காரர்களை நான் ரோஜா முத்தையாவின் திண்ணையில்தான் உட்கார வைப்பேன். நேற்று வெளியான விளையாட்டை இன்று ‘ஹைலி கம்ப்ரஸ்டு’ என்று விற்பவனுக்கு அந்தத் திண்ணையில் இடமில்லை.

விலை அதிகம் என்ற வாதம் மிச்சம் இருக்கிறது. புதிய பிஎஸ்5 தட்டு நாலாயிரம், ஐயாயிரம். காரைக்குடிச் சம்பளத்துக்கு அது கனம்தான். பழைய தட்டை வாங்கி விளையாடி விற்றுவிடுவதில் சட்டச் சிக்கல் இல்லை. கம்பெனிகளே இலவசமாகத் தருபவையும் ஒரு பள்ளிக்கூட விடுமுறையை நிரப்பப் போதும்.

அக்கா மகனுக்குப் பதில் சொல்லிவிட்டேன். பெயரை வைத்துப் பொய்யைப் பிடிக்கலாம்டா, உண்மையைப் பிடிக்க முடியாது என்றேன். நாட்டு எழுத்தும் பெட்டியின் எண்ணும் ஒத்துவராவிட்டால் பொய். அளவு ஒத்துவராவிட்டால் பொய். எல்லாம் ஒத்துவந்தால் இன்னும் தெரியவில்லை என்று அர்த்தம். அவனுக்கு அது பிடிக்கவில்லை. “அப்போ எதுக்கு மாமா இவ்வளவு படிச்சீங்க?” என்றான்.

அந்த வாரம் முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் கடையொன்றில் அவனோடு நின்றேன். கடைக்காரர் ஒரு எனாமல் தட்டைத் திருப்பி அடியில் இருந்த ஸ்வீடன் முத்திரையைக் காட்டினார். இப்போது அந்த முத்திரையையும் போடுகிறார்கள் என்று அவரே சொல்லிச் சிரித்தார். விளிம்பில் எனாமல் உதிர்ந்த இடத்தில் இரும்பு எப்படிக் கறுத்திருக்கிறது என்று பார்க்கச் சொன்னார். தட்டுகளுக்கு அடியில் ஒரு தகரப் பெட்டி நிறையப் பழைய சிடிக்கள். அக்கா மகன் ஒன்றை எடுத்துத் திருப்பினான். முதல் பிளேஸ்டேஷனின் அசல் தட்டுக்கு அடிப்பக்கம் கறுப்பு. இது பச்சை ஓடிய வெள்ளி, உள்வளையத்தில் தயாரிப்பாளர் பொறித்த எழுத்தும் இல்லை. மேல்பக்கம் மார்க்கர் பேனாவில் ‘டெக்கன் 3’ என்றும், அதற்குக் கீழே தமிழில் ‘நல்லா ஓடும்’ என்றும் எழுதியிருந்தது.

யார் எழுதியது என்று கேட்டோம். கடைக்காரருக்குத் தெரியவில்லை. இருபது ரூபாய் என்றார்.